காலை எட்டு இருபது

புதன்கிழமை, காலை 10.40.

காணாமல் போனவை பதினோரு மெயில்கள். அவை காணவில்லை என்று கண்டுபிடித்தவள், அவற்றை எழுதியவளே.

நாலாவது மாடி வீட்டில், இறந்துபோன அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் மெயில் பெட்டியை அவள் மூன்றாவது தடவையாக மேலிருந்து கீழே தேடி முடித்திருந்தாள். வாசகசாலையின் அறிவிப்புகள் இருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையின் பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. பழைய கப்பல் சிநேகிதர் ஒருவர் அனுப்பிய, சிரிப்பே வராத சிரிப்புத் துணுக்குகள் வண்டி வண்டியாக இருந்தன. மகளிடமிருந்து வந்தது என்று ஒன்றுகூட இல்லை. குப்பைத் தொட்டியும் துடைத்து வைத்ததுபோல் காலி.

அப்பா தூக்கத்திலேயே போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. சேதி கேட்டு அவள் கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நாளை மாலை அவளுக்கு விமானம். அதற்குள் ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அப்பா அந்தப் பதினொன்றையும் படித்தாரா? படித்துவிட்டுத்தான் அழித்தாரா?

அவள் எழுந்து லிப்டில் இறங்கி, தரைத்தளத்தில் ஒரு கதவின் மணியை அழுத்தினாள்.

10.55.

அந்த வீட்டில் இருப்பவரை அடுக்ககம் முழுக்க 'ரைட்டரம்மா' என்றுதான் கூப்பிடும். கதை எழுதுபவர் அல்ல. போலீஸ் ஸ்டேஷனில் இருபத்தாறு வருஷம் டைரி எழுதியவர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று. கடைசி ஆறு வருஷம் அவரைக் கம்ப்யூட்டர் குற்றப் பிரிவில் போட்டார்கள். அங்கே மெயில் லாகுகளைப் படிக்கிற வேலை. லாக் என்றால் வேறொன்றுமில்லை, சர்வர் தனக்குத் தானே எழுதிக்கொள்கிற ஸ்டேஷன் டைரிதான் என்பது அவர் கருத்து. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் தட்டைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறார். ஒரு ஆளுக்காக எதற்கு மேஜையைத் துடைப்பது என்று சமாதானம் வேறு. அவர் வீட்டு மணியை யாரும் அழுத்திப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. எண்ணுகிற பழக்கம் போகவில்லை.

"உள்ள வாம்மா. நீ மேல் வீட்டு ரேடியோக்காரர் பொண்ணுதானே?"

"ஆமா. உங்களுக்கு மெயில் லாக் படிக்கத் தெரியும்னு வாட்ச்மேன் சொன்னார்."

ரைட்டரம்மா கண்ணாடியை எடுத்துக்கொண்டு உடனே செருப்பை மாட்டினார். இத்தனை சீக்கிரம் கிளம்பியதில் அவருக்கே கொஞ்சம் வெட்கம்.

லிப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை வழக்கம்போல ஒரு எழுத்து விடாமல் படித்தார். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் விட மாட்டார். 'சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிறு மாலை 5.02 முதல் 5.41 வரை மின்தடையால் லிப்ட் நின்றதற்கு நிர்வாகம் வருந்துகிறது.' நிர்வாகம் வருந்தியதற்கு அடியில், 'நானும்தான்' என்று உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்.

11.10.

அப்பாவின் அறை கப்பல் அறைபோல இருந்தது. கட்டில், மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். மூலையில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள் ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு சர்வர், சின்னப் பச்சை விளக்கு ஒன்று மினுக்க, உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், மின்சாரம் போனால் தாங்கவேண்டிய பேட்டரி, செத்துப்போய்த் தூசி படிந்து கிடந்தது. சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் கடிகாரம். இன்னொன்று வெறும் ஆணி.

"எல்லாரும் எங்கேயோ ஒரு கம்பெனி மெயிலை வெச்சுக்கறாங்க. உங்கப்பாவுக்கு மட்டும் எதுக்கு வீட்டுக்குள்ள சர்வர்?"

"இன்னொருத்தர் வீட்டு அலமாரியில என் கடுதாசி எதுக்குன்னு கேப்பார். நாப்பது வருஷம் கப்பல்ல ரேடியோ ஆபீசர். எங்கிட்ட வந்த சேதி ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்லன்னு அவ்வளவு பெருமை." மகள் அலமாரியைக் கையால் காட்டினாள். "அதான் எனக்கு வயித்தெரிச்சல். வேற யாராவதா இருந்தா மெயில் தொலைஞ்சிருக்கும்னு நம்பிடுவேன். அப்பா சர்வர்ல எப்படித் தொலையும்?"

"போன்ல கேட்டிருக்கலாமே?"

"காது ரெண்டும் போயி அஞ்சு வருஷம் ஆச்சு. மெயில் ஒண்ணுதான் எங்களுக்கு."

"சண்டையா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். போன தடவை வந்திருந்தபோது, தன்னோடு வந்து இருக்கும்படி கேட்டிருக்கிறாள். அவர் மாட்டேன் என்றிருக்கிறார். வார்த்தை தடித்துவிட்டது. "இந்த மெஷினோடயே குடித்தனம் நடத்துங்க. நானா எழுதற வரைக்கும் எனக்கு நீங்க எழுதக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதிக் காமிச்சுட்டுப் போயிட்டேன். காது கேக்காதவர்கிட்ட கோபத்தைக்கூட எழுதித்தான் காட்டணும்."

"அப்புறம்?"

"ரெண்டு வாரத்துல மனசு ஆறிடுச்சு. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதினோரு வாரம், புதனுக்குப் புதன். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் முதல் வேலை அதான். ஒண்ணுக்கும் பதில் இல்ல. சித்தப்பாவுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன். 'அண்ணன் மனசு இன்னும் இறங்கல, கொஞ்ச நாள் விட்டுப் பிடி'ன்னார். அப்புறம் வெறுத்துப் போயி அந்த மெயில் கணக்கையே மூடிட்டேன். நான் அனுப்பின பிரதிகூட இப்ப எங்கிட்ட இல்ல. காலண்டர்ல தேதி மட்டும் வட்டம் போட்டு வெச்சிருக்கேன். அப்ப இந்த ஊர்ல மணி என்னன்னு கணக்குப் பாத்ததே இல்ல."

"தேதி போதும்" என்றார் ரைட்டரம்மா.

சர்வரைத் திறக்கும் கடவுச்சொல் அலமாரிக் கதவின் உள்பக்கம் அப்பாவின் அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் ஒட்டியிருந்தது. லாகுகள் வாரவாரியாகக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஊரில் பாதிப் பேர் நாலு வாரத்துக்கு மேல் லாகை வைத்துக்கொள்வதில்லை. இந்த மனிதர் ஒன்பது வருஷத்து லாகை வைத்திருந்தார். ரைட்டரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

12.20.

"சொல்லிடுங்க" என்றாள் மகள்.

"உன் மெயில் பதினொண்ணும் வந்து சேர்ந்திருக்கு. ஒண்ணுகூட வழியில தொலையல."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ வட்டம் போட்ட எல்லா தேதியிலயும் ஒரே மாதிரி. எட்டு அஞ்சு வாக்குல உன் மெயில் உள்ள வருது. அடுத்த நிமிஷமே யாரோ திறக்கறாங்க. எட்டு இருபதுக்கு அழிக்கறாங்க, குப்பைத் தொட்டியையும் சேத்து. ஒருநாள் எட்டு பத்தொம்போது, ஒருநாள் எட்டு இருபத்திரண்டு. மத்தபடி டாண்ணு எட்டு இருபது. உங்கப்பா பேர்ல, இதோ இந்த மேஜைமேல இருக்கிற கம்ப்யூட்டர்லேருந்து."

"ராத்திரி எல்லாத்தையும் நகல் எடுத்து வைப்பாரே?"

"நகல் ராத்திரிதான் எடுக்கும். எட்டு இருபதுக்கே அழிஞ்சதை அது எங்க பாக்கும்?"

"காலைல எட்டு இருபதுக்குச் சித்தப்பா டியூட்டியில இருப்பார். அப்பா மட்டும்தான் வீட்ல." மகள் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பதினஞ்சு நிமிஷம் படிச்சிருக்கார். படிச்சுட்டுத்தான் அழிச்சிருக்கார். சரி. எனக்கு வேண்டியது தெரிஞ்சாச்சு."

அவள் அலமாரிக்குப் போய் சர்வரின் மின்கம்பியில் கை வைத்தாள். ரைட்டரம்மா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் சித்தப்பா வரட்டும். ஒரு பக்கத்து வாக்குமூலத்தை வெச்சு நான் டைரியை மூடினதே இல்ல."

உண்மையில் வேறொன்று அவரை உறுத்திக்கொண்டிருந்தது. போன மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சர்வர் 11.32க்கு நின்று 12.11க்கு மறுபடி எழுந்திருந்தது. அந்தத் தேதியை வேறெங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

1.20.

சித்தப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறிப்பது வேலை. ஓய்வு வயது தாண்டியும் ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். அவர் வந்தால் வண்டிகள் பயந்துகொண்டு நேரத்துக்குக் கிளம்பும் என்று ஒரு பேச்சு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மூன்று வருஷத்துக்கு முன், மகளின் அம்மா போன பிறகு, அண்ணனோடு வந்து சேர்ந்துகொண்டார். மெலிந்த ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா. வந்ததும் சமையலறைக் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு எத்தனை சாவி?" ரைட்டரம்மா கேட்டார்.

"ரெண்டு. அண்ணனுது ஒண்ணு, என்னுது ஒண்ணு."

"வேலைக்கு ஆள்?"

"யாரும் இல்ல. பாத்திரம் நான், துணி அண்ணன்."

"இந்தக் கம்ப்யூட்டரை நீங்க தொடுவீங்களா?"

"எப்பவாவது சீட்டாட்டம் ஆடுவேன். மெயில் கியில் எல்லாம் எனக்குத் தெரியாது மேடம்."

"பாப்பாவோட மெயில் எல்லாம் வந்திருக்கு. வந்து, அழிஞ்சிருக்கு. நேரம் லாக்ல இருக்கு."

டைம் கீப்பரின் கை மேல்பையிலிருந்த பேனாக்களைத் தடவியது. "என்ன நேரம்?"

"எட்டு இருபது."

"எட்டு இருபதா?" அவர் நிமிர்ந்தார். "காலைலயா?"

"லாக்ல இருபத்திநாலு மணிக் கணக்குதான். எட்டுன்னா காலைலதான்."

"காலைல எட்டு இருபது..." அதை இன்னொரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரல் உறுதியானது. "அந்த நேரத்துல நான் டிப்போல இருப்பேன். ஆறுலேருந்து ஒண்ணு வரைக்கும் என் டியூட்டி. எட்டு இருபதுக்கு பதினேழாம் நம்பர் வண்டி. என் கையெழுத்து இருக்கும், ரிஜிஸ்டரை வேணா போய்ப் பாருங்க."

"பாக்கறேன். போன மாசம் ஒன்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை நீங்க லீவுதானே? காலைல பதினொண்ணரைக்கு கரண்ட் போச்சா?"

"இல்லையே. காலை பூரா டீவி பாத்துட்டிருந்தேன்."

"சரி. அண்ணன் ரூம்ல இன்னொரு ஆணி இருக்கே, அதுல என்ன இருந்தது?"

டைம் கீப்பருக்கு இந்தக் கேள்வியில் நிம்மதி. "அதுவா? அதோ சமையலறையில மாட்டியிருக்கேன் பாருங்க. நல்ல கடிகாரம், ஆனா எப்பவும் தப்பு நேரம். மூணு வருஷமா சொல்லிப் பாத்துட்டேன், அண்ணன் திருத்தவே விடமாட்டார். டைம் கீப்பர் வீட்ல தப்புக் கடிகாரம் இருந்தா எனக்குச் சோறு இறங்குமா? போன வாரம் சரி பண்ணி இங்க மாட்டினேன்."

ரைட்டரம்மா சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். கனத்த பித்தளைக் கடிகாரம். முகத்தில் சிவப்பிலும் பச்சையிலும் சின்னச் சின்னக் கூறுகள்.

"இது என்னம்மா கலரு?"

"கப்பல் ரேடியோ ரூம் கடிகாரம்" என்றாள் மகள். "அந்தந்த நிமிஷம் வந்தா எந்தக் கப்பலும் பேசக் கூடாதாம். காதை மட்டும் தீட்டி வெச்சுக்கணும். எங்கேயோ ஒருத்தன் சின்னக் குரல்ல உதவின்னு கூப்பிட்டா கேக்கணுமில்ல, அதுக்குத்தான்."

1.55.

கீழே இறங்கும்போது லிப்டில் ரைட்டரம்மா மட்டும். நோட்டீஸை மறுபடி படித்தார். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டார். தரைத்தளத்தில் கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது. அவர் இறங்கவில்லை.

"கழுதை" என்று தன்னைத்தானே சத்தமாகத் திட்டிக்கொண்டார். அப்புறம் வீட்டுக்குப் போகாமல் நேரே தெருவில் இறங்கி நடந்தார். குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ரேடியோக்காரர் தினமும் போய்வந்த வாசகசாலை. அங்கே உள்ளே வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். நூலகர் பழைய நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"ரேடியோக்காரரா? ஞாயிறு தவிர தினம் வருவார். அந்த ஜன்னலோர நாற்காலி. இப்பவும் அதுல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க" என்றார் நூலகர். அவர் கண் கலங்கியது.

ரைட்டரம்மா பதினோரு தேதிகளையும் புரட்டினார். டிப்போவுக்கும் ஒரு நடை போய்வந்தார். அங்கே டைம் கீப்பர் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

4.30.

மூவரும் அப்பாவின் அறையில். மகள் கட்டிலில். டைம் கீப்பர் கதவோரம் நின்றார். ரைட்டரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். ஆறு வருஷம் லாக் படிச்சவ, லாகைத் திறந்ததும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வியை கேக்காம கோட்டை விட்டுட்டேன். இந்த சர்வர் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பாத்து எழுதுதுன்னு கேக்கவே இல்ல."

"எந்த ஊர்? இந்த ஊர்தானே?" என்றாள் மகள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒன்பதாம் தேதி இந்த சர்வர் பதினொண்ணு முப்பத்திரண்டுக்கு நின்னு, பன்னண்டு பதினொண்ணுக்கு எழுந்திருக்கு. பேட்டரி செத்துப் போச்சு, அதனால கரண்ட் போனா இதுவும் போகும். ஆனா அன்னிக்குக் காலைல கரண்ட் போகலன்னு உங்க சித்தப்பாவே சொல்றார். லிப்ட் நோட்டீஸைப் பாரு. கரண்ட் போனது சாயந்திரம் அஞ்சு ரெண்டு. வந்தது அஞ்சு நாப்பத்தொண்ணு. ரெண்டும் முப்பத்தொம்போது நிமிஷம்தான், பிசகல. ஆனா அஞ்சரை மணி நேரம் தள்ளியிருக்கு."

ரைட்டரம்மா சுவரிலிருந்த வெறும் ஆணியைக் காட்டினார்.

"கப்பல் இன்னிக்கு ஒரு ஊர்ல இருக்கும், நாளைக்கு இன்னொரு ஊர்ல. அதனால ரேடியோக்காரங்க எந்தக் கடல்ல இருந்தாலும் டைரியை உலகத்துக்கே பொதுவான ஒரே நேரத்துலதான் எழுதுவாங்க. உங்கப்பா கரைக்கு வந்தும் அந்தப் பழக்கத்தை விடல. சர்வருக்கும் அதே நேரம், அந்த ரெண்டாவது ஆணிக் கடிகாரத்துக்கும் அதே நேரம். அது தப்பு நேரம் காட்டல. நம்ம ஊருக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால இருக்கிற நேரத்தைச் சரியா காட்டிட்டிருந்தது. நல்ல மனசோட அதைத் திருத்தி, எனக்கு வழிகாட்டியிருக்க வேண்டிய ஒரே சாட்சியைக் கலைச்சுட்டீங்க டைம் கீப்பர் சார்."

மகள் விரல் விட்டு எண்ணினாள். "எட்டு இருபதுன்னா... ஒண்ணு அம்பது. மத்தியானம்."

"மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு உங்கப்பா எங்க இருப்பார்?"

"வாசகசாலையில."

"பதினோரு புதனும் ஒண்ணரைக்கு அவர் கையெழுத்து இருக்கு. போற நேரம் நாலு. உன் மெயில் வந்தப்பவும் சரி, அழிஞ்சப்பவும் சரி, அவர் ரெண்டு தெரு தள்ளி பேப்பர் படிச்சிட்டிருந்தார். இந்தக் கம்ப்யூட்டர்ல மெயில் எப்பவும் திறந்தே கிடக்கும். இந்த நாற்காலியில யார் உக்காந்தாலும் லாகுக்கு அவங்கதான் உங்கப்பா. வீட்டுக்கு ரெண்டு சாவி. ஒரு மணிக்கு டியூட்டி முடிச்சு வந்தவர் ஒருத்தர்தான்."

மகள் மெதுவாகத் திரும்பினாள். டைம் கீப்பரின் முகத்தில் ஈயாடவில்லை.

"எட்டு இருபதுன்னு நான் சொன்னதும் நீங்க 'காலைலயா'ன்னு கேட்டீங்க" என்றார் ரைட்டரம்மா. "ஒண்ணும் தெரியாதவருக்கு அது காலையா இருந்தா என்ன, மத்தியானமா இருந்தா என்ன? நீங்க செஞ்சது மத்தியானம். லாக் காலைன்னு சொல்லவும் உங்களாலயே நம்ப முடியல."

டைம் கீப்பர் சுவரில் சாய்ந்துகொண்டார். மறுத்துப் பேசுகிற ஆள் அல்ல.

"இருங்க" என்றாள் மகள் திடீரென்று. "அப்பாதான் லாக் படிப்பாரே? என் மெயில் வந்து போனது அதுல எழுதியிருக்கே. அவருக்கே தெரிஞ்சிருக்காதா?"

ரைட்டரம்மா இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் இருந்தார். லாகின் கடைசிப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தார்.

"லாகைப் படிக்க அவர் சர்வருக்குள்ள போகணும். போனா அதுவும் பதிவாகும். நீ சண்டை போட்டுட்டுப் போன வரைக்கும் தினம் போயிருக்கார். அதுக்கப்புறம் மூணு வாரம் போகல. ஒரே ஒருநாள் போயிருக்கார். நாப்பது விநாடி. உள்ள வந்திருக்கார், எதையும் தேடல, வெளிய போயிட்டார். மறுபடி போகவே இல்ல."

"ஏன்?"

"உன் பேரைப் போட்டுத் தேடி, ஒண்ணுமே வரலன்னு திரையில காட்டிட்டா? பொண்ணு எழுதலங்கறதை எழுத்துல பாக்க அவருக்குத் தைரியம் வரலம்மா. மெஷின்லதான் ஏதோ கோளாறுன்னு நம்பத்தான் அவருக்கு இஷ்டம். மறுநாள்லேருந்து இதைச் செஞ்சிருக்கார்."

வரிகள் தினம் ஒன்றாக இறங்கின. நம் ஊர்க் கணக்கில் மாலை நாலரை. வெளியே இருந்த ஏதோ ஒரு இலவசக் கணக்கிலிருந்து அப்பா தனக்குத் தானே ஒரு மெயில் அனுப்பியிருந்தார். அது வந்து சேர்ந்ததும் அழித்திருந்தார். அழித்த வரியில் தலைப்பு பதிவாகியிருந்தது. 'சோதனை 1. வருகிறதா?' 'சோதனை 2. வருகிறதா?' இறந்ததற்கு முந்தின நாள் வரை எழுபத்தாறு சோதனைகள். எழுபத்தாறும் வந்து சேர்ந்திருந்தன.

மகள் வாய்விட்டு அழுதாள். அப்பா படிக்கவில்லை. அப்பா வெறுக்கவில்லை. நானாக எழுதும் வரை எழுதக் கூடாது என்று தான் எழுதிக் காட்டிய தாளுக்குக் கட்டுப்பட்டு, கடைசி நாள் வரை காத்திருந்திருக்கிறார். தெரிந்துகொள்ளாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, தெரியத்தான் வேண்டும்.

"ஏன் சித்தப்பா?"

டைம் கீப்பர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதல் மெயில் நானாத் தேடிப் பாக்கல பாப்பா. சீட்டாட்டம் ஆட உக்காந்தேன், கண்ணு முன்னாடி வந்து விழுந்தது. 'இங்கயே வந்துடுங்கப்பா'ன்னு எழுதியிருந்தே. இந்தத் தடவை நீ அழுது எழுதியிருந்தே. அண்ணன் கிளம்பிடுவார்னு தெரிஞ்சுபோச்சு."

"உங்களைத் தனியா விட்டுடுவோமா?"

"விட்டே பாப்பா. அதையும் எழுதியிருந்தே. 'சித்தப்பாவைப் பத்திக் கவலைப்படாதீங்க, அவருக்குத் தனியா இருந்து பழக்கம்தானே'ன்னு."

மகளுக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. யோசிக்காமல் தட்டிய வரி.

"பழக்கம்தான். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். ஒத்தை ரூம், ஒத்தை டம்ளர். பழக்கமா இருக்கறதாலதான் பயம். இந்த மூணு வருஷம் எதிர்ல ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டார். காது கேக்காது, பேச மாட்டார், ஆனா உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்துவார்." அவர் கை அதைச் சின்னதாக நகர்த்திக் காட்டியது. "ஒரு மெயிலோட நிறுத்திடலாம்னு நினைச்சேன். நீ நிறுத்தல. தினம் நாலரைக்கு அண்ணன் தனக்குத் தானே எழுதிட்டு உக்காந்திருப்பார். பாத்துட்டே இருந்தேன். இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். அவர் போயிட்டார்."

ரைட்டரம்மா எழுந்தார். "இதுக்கு எந்தப் பிரிவுல கேஸ் எழுதணும்னு எனக்குத் தெரியும்மா. எழுதணுமான்னு நீதான் சொல்லணும்."

மகளுக்கு அழித்தவர்மேல் கோபம் வந்தது. எழுதியவள்மேலும் கோபம் வந்தது. இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். விமானத்துக்கு இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. இந்த வீட்டில் அதைக் கழிக்க முடியாது, ஏதாவது விடுதியில் அறை பார்க்க வேண்டும்.

வாசல்வரை போய்விட்டாள். டைம் கீப்பர் அறையைவிட்டு வரவில்லை. அங்கிருந்தே கேட்டார், பதினைந்து பதினைந்து நிமிஷமாகப் பதினொன்றையும் படித்த ஒரே மனிதர்.

"பாப்பா... ஏழாவதுல பல்வலின்னு எழுதியிருந்தியே. ராத்திரி பூரா தூக்கமில்ல, பக்கத்துல கேக்க ஆளில்லன்னு. அடுத்ததுல அதைப் பத்தி ஒண்ணும் எழுதல. வலி போச்சா?"

அவள் கை கதவுப் பிடியிலேயே நின்றது. அந்த மெயிலை அனுப்பிய புதன்கிழமையிலிருந்து யாராவது அதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தாள். ரைட்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டார்.

"பிடுங்கிட்டாங்க சித்தப்பா" என்றாள் மகள்.